வயிற்றுப் பிள்ளைக்கு யார் எச்சரிக்கை கொடுப்பது?

சானமாவு காட்டுக்கு யானைக் கூட்டம் வந்துவிட்டால், சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் உடனே தெரிந்துவிடும். "இரவில் வெளியே வராதீர்கள். ராகி வயலில் காவலுக்குப் படுக்காதீர்கள்" என்று வனத்துறையினர் எச்சரிப்பார்கள்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதற்கு எச்சரிக்கை கொடுப்பார் இல்லை. கர்ப்பிணி குடிக்கும் மது, வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளையைக் கெடுக்கிறது!

"நம் பெண்கள் எங்கே குடிக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலோர் குடிப்பதில்லை. உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு ஒருவர்தான் குடிப்பதாகச் சொன்னார். ஆண்களில் 100-க்கு 19 பேர்.

ஆனால் நூற்றுக்கு ஒருவர் என்றாலும், இவ்வளவு பெரிய தேசத்தில் பல லட்சம் பேர் ஆகிறதே! வெட்கப்பட்டுச் சொல்லாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. "சளிக்கு ஒரு மூடி பிராந்தி", "கள் உடம்புக்குக் குளிர்ச்சி" என்று பெரியவர்களே ஊற்றிக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. அதைக் குடி என்று யாரும் எண்ணுவதில்லை.

கொடி வழியே போகிறது

தாயின் ரத்தத்தில் கலந்த மது, கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. பெரியவர்களின் ஈரல் அதை முறித்துவிடும். பிஞ்சு ஈரலுக்கு அந்தச் சக்தி கிடையாது. முதல் மாதமானாலும் சரி, ஒன்பதாம் மாதமானாலும் சரி, கெடுதல் கெடுதலே. பீர், கள், ஒயின் எல்லாம் ஒன்றுதான். "இவ்வளவு குடித்தால் பரவாயில்லை" என்று எந்த அளவையும் டாக்டர்கள் சொல்வதில்லை.

சில குழந்தைகளுக்குத் தலை சிறுத்திருக்கும். மேலுதடு மெலிந்திருக்கும். பல குழந்தைகளுக்கு முகத்தில் எந்த அடையாளமும் இராது. பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். சொன்னது நினைவில் நிற்காது. கணக்கு வராது. ஓர் இடத்தில் உட்கார முடியாது. "மக்கு" என்று பெயர் வைத்து அடிப்பார்கள். பிள்ளை என்ன செய்யும்?

கூலியாக மது!

1968-ல் பிரான்சின் நாந்த் நகர டாக்டர் லெமுவான், இப்படிப்பட்ட 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர டாக்டர்கள் ஜோன்ஸ், ஸ்மித் இருவரும் இந்தக் கோளாறுக்குப் பெயர் வைத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டங்களில் நடந்தது கொடுமை. கூலியில் ஒரு பகுதியை ஒயினாகவே அளந்து கொடுத்தார்கள். அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது, குடிப்பழக்கம் ஒழியவில்லை. உலகிலேயே இந்தக் கோளாறு மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் அந்தப் பகுதியும் ஒன்று.

அமெரிக்காவில் 1989 முதல், "கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது" என்ற எச்சரிக்கை புட்டியிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2023 முதல் கட்டாயம். நம் நாட்டில் 2018-ல் வந்த விதியோ, "மது உடல் நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்" என்ற அளவில் நின்றுவிட்டது. வண்டி ஞாபகம் வந்தது. வயிறு ஞாபகம் வரவில்லை!

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை முதன்முதலில் மதுவிலக்குக் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் சானமாவுக்குப் பக்கம்தான். பிறகு கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. கடையைப் பற்றிய வாதம் நடக்கட்டும். அது முடியும் வரை வயிற்றுப் பிள்ளை காத்திருக்குமா?

ஒரே ஒரு கேள்வி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கிறார்கள். "மது குடிப்பதுண்டா, அம்மா?" என்ற கேள்வியையும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். போலீஸ்காரர் மாதிரி கேட்டால், "இல்லை" என்ற பதில்தான் வரும்.

எல்லைப் பகுதியில் தமிழ் மட்டும் போதாது. இங்கே தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பாஷைகள். தொழிற்பேட்டையில் வேலை செய்ய வந்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தி வேண்டும்.

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர்கள் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அவர்களும் தாயிடம் இதை விசாரிக்க வேண்டும். இந்தக் கோளாறை மருந்தால் மாற்ற முடியாது. ஆனால் சிறு வயதிலேயே பயிற்சி கொடுத்தால் பிள்ளை எவ்வளவோ தேறும்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் புட்டி இருந்தால், மனைவி விடுவது கடினம். அந்தப் பத்து மாதமாவது புட்டி வாசற்படி தாண்டக் கூடாது.

ஏற்கெனவே குடித்துவிட்ட தாய் பயந்து ஒளிய வேண்டாம். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மைதான். தினமும் அதிகமாகக் குடித்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நிறுத்த வேண்டும். குடியை விட உதவி கேட்க, 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. மாதந்தோறும் 9-ந் தேதி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அன்று போகும்போது நர்சம்மா கேட்காவிட்டால், நீங்களே சொல்லுங்கள்.