புத்தகம் முடிகிற இடத்தில்தான் ஆட்டம் ஆரம்பம்

1/ செஸ் கோச்சிங் பற்றி ஒரு நீளமான த்ரெட். தர்மபுரியில் ஓ.பி. பார்க்கிற டாக்டருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. வேலை இருக்கு.

2/ சமீபத்தில் ஒரு அப்பா தன் 9 வயசுப் பையனைக் கூட்டி வந்தார். (அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாற்றியிருக்கேன்.) "சார், டோர்னமென்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி ஆனா தலைவலி, வாந்தி. மத்த நாள்ல ஒண்ணும் இல்லீங்க."

பிரஷர், நடை, கண் நரம்பு எல்லாம் பார்த்தேன். குழந்தைக்குத் தலைவலியோட வாந்தியும் இருந்தா "டென்ஷன்தான்"னு சொல்லி அனுப்பிடக் கூடாது. எல்லாம் நார்மல்.

3/ "தம்பி, உனக்குப் பிடிச்ச ஓப்பனிங் எது?"
"நைடார்ஃப், சார். 18 மூவ் வரைக்கும் தெரியும்."
"19-வது மூவ்ல என்ன பண்ணுவ?"
பையன் அப்பா முகத்தைப் பார்த்தான். அப்பா பைக்குள்ள கையை விட்டு ஒரு ஃபைலை எடுத்தார். கோச் கொடுத்த பிரின்ட் அவுட். அதுலயும் 18 வரைக்கும்தான் இருந்தது.

4/ கேட்டா கோச் சொல்றாராம்: "கம்ப்யூட்டரே இப்படித்தாங்க ஜெயிக்குது. எல்லாம் மெமரி." இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த த்ரெட். இது பொய். இந்தப் பொய்க்கு மாசாமாசம் ஃபீஸ் கட்டுறோம்.

5/ செஸ் புரோகிராமில் 'ஓப்பனிங் புக்' என்பது என்ன? ஒரு பட்டியல். இந்த நிலை வந்தா இந்த மூவ், இவ்வளவு வெயிட்டேஜ். அவ்வளவுதான். நிலை பட்டியலில் இருந்தா எஞ்சின் யோசிக்காது, எடுத்து ஆடிவிடும். லாபம் ஒன்றே: கடிகாரத்தில் நேரம் மிச்சம். அந்தப் பட்டியலில் 'ஏன்' என்கிற கட்டமே கிடையாது.

6/ பட்டியலில் இல்லாத நிலை வந்த அடுத்த நொடி எஞ்சின் புத்தகத்தை மூடிவிட்டுத் தானாகக் கணக்குப் போட ஆரம்பிக்கும். அந்த நொடியில் பல தடவை ஒரு விஷயம் தெரியவரும்: புத்தகம் கொண்டுவந்து விட்ட இடமே மோசமான இடம். பழைய ஆட்டங்களிலிருந்து தொகுத்த புத்தகத்தில் அந்த ஆட்டக்காரர்களின் தப்பும் சேர்ந்தே ஏறியிருக்கும்.

7/ மனப்பாடம் எவ்வளவு தூரம் போகும்? ரெண்டு பேரும் ஆளுக்கு 2 மூவ் ஆட 1,97,281 வழி இருக்கு. ஆளுக்கு 3 மூவ் என்றால் 11,90,60,324. எதிரில் உட்காரும் பையன் ஒரு சிப்பாயை வேற கட்டத்தில் வெச்சா போதும், உங்க 18 மூவ் ஃபைல் பழைய பேப்பர் கடைக்குத்தான்.

8/ "டீப் புளூ காஸ்பரோவை ஜெயிச்சது புக்கால்தானே?" என்பார்கள். 1997, கடைசி 6-வது ஆட்டம். குதிரையைப் பலி கொடுத்த அந்த 8-வது மூவ் டீப் புளூ யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. அதன் குழுவில் இருந்த கிராண்ட்மாஸ்டர்கள் உதவியோட புக்கில் ஏற்றியது. உண்மை. 19 மூவில் காஸ்பரோவ் கைவிட்டார்.

9/ ஆனா குதிரையைக் கொடுத்த பிறகு? ஒரு குதிரை குறைவாக நின்றுகொண்டு, நொடிக்கு சுமார் 20 கோடி நிலைகளை அலசி, மிச்ச ஆட்டத்தைத் தானே ஆடியது அந்த மெஷின். கதவைத் திறந்து விட்டது புக். உள்ளே போய் வேலையை முடித்தது கணக்கு. அந்தக் குதிரைப் பலியை மட்டும் நம்ம பையனுக்கு மனப்பாடம் பண்ணி வெச்சா, அவன் ஒரு குதிரை குறைவாக உட்கார்ந்து அழுவான்.

10/ இன்னொரு சம்பவம். 2006, பான் நகரம். கிராம்னிக் எதிர் டீப் ஃபிரிட்ஸ். புரோகிராம் தன் புக்கில் இருக்கும்வரை அதன் திரையை கிராம்னிக் பார்க்கலாம் என்று விதியே இருந்தது. எதிராளியின் பிட்டைப் பார்த்துக்கொண்டே ஆடுவது மாதிரி! ஆனாலும் 2-வது ஆட்டத்தில் ஒரே மூவில் விழும் மேட்டைக் கவனிக்காமல் தோற்றார். போட்டியில் 4-2 என்று ஃபிரிட்ஸ் வென்றது. புக் தெரிஞ்சா போதும்னு சொல்றவங்க இதுக்கு என்ன சொல்வாங்க?

11/ அப்போ புக்கே வேண்டாமா? அதையும் நான் சொல்லலை. 2017-ல் ஆல்ஃபாஜீரோவுக்கு விதிகளை மட்டும் கொடுத்தார்கள். புக் கிடையாது. தனக்குத்தானே ஆடி, மனிதர்கள் நூற்றாண்டுகளாக ஆடும் பல ஓப்பனிங்குகளை அதுவே கண்டுபிடித்தது. ஆனா அதுக்குத் தனக்குத்தானே ஆட்டம் ஆட மட்டும் 5,000 சிறப்பு சிப் ஓடியது. நம்ம வீட்டுப் பையனுக்கு இருப்பது ஒரே தலை. அதுலயும் இப்போ வலி. அதனால முன்னோர் நடந்த பாதை அவனுக்கு வேணும்தான்.

12/ கேள்வி, எவ்வளவு புக், எவ்வளவு யோசனை என்பது. இங்கதான் என் தொழில் வருது. மருத்துவத்திலும் ஓப்பனிங் புக் இருக்கு. புரோட்டோகால் என்போம்.

13/ பாம்பு கடித்து வயலிலிருந்து நேரா தூக்கிட்டு வர்றாங்க. அங்க நான் மேதாவித்தனம் காட்டக் கூடாது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், 20 நிமிஷம் ஆட்டாம வைக்கணும், உறையலைன்னா விஷமுறிவு மருந்து. புக் மூவ். நேரம்தான் உயிர். ஆனா அதே புரோட்டோகால் என்ன சொல்லுது? 6 மணி நேரம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணு. அதாவது, ஆடிட்டு தூங்காதே, நிலையைப் பார்.

14/ இப்போ என் தப்பு ஒண்ணு. பல வருஷம் முன்னாடி ஒரு அம்மா முதுகு பிடிப்பு, மூட்டு வலின்னு வந்தாங்க. வலி மாத்திரை, கால்சியம். திரும்ப வந்தாங்க. அதே சீட்டு. மூணாவது தடவையும் அதே. புக் மூவ், புக் மூவ், புக் மூவ்.

15/ கீழே விழுந்து கைக்கு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் பார்த்தேன். எலும்பு சுண்ணாம்பு பூசின மாதிரி அடர்த்தி. முன்கையின் ரெண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வில் கால்சியம் படிந்திருந்தது. புளோரோசிஸ். பல்லில் பழுப்புக் கோடு மூணு தடவையும் என் எதிரிலேயே இருந்தது. நான் "ஆ காட்டுங்கம்மா"ன்னு சொல்லவே இல்லை.

16/ நம்ம மாவட்டத்தில் இதைத் தவறவிட சாக்கே கிடையாது. இங்க நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம்னு ஊருக்கே தெரியும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் இருக்கு. "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"ன்னு ஒரு கேள்வி. என் மனப்பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. விலை கொடுத்தது நான் இல்லை, அந்த அம்மா.

17/ அதனாலதான் அந்த 18 மூவ் ஃபைலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அது செஸ் பயிற்சி இல்லை. எதிரில் இருப்பதைப் பார்க்காம இருக்கக் கொடுக்கிற பயிற்சி. 9 வயசில் அதைக் கற்றுக்கிட்ட பையன் நாளைக்கு டாக்டரானா என்ன செய்வான்? நான் செஞ்சதையே செய்வான்.

18/ "ஆனந்த் பிரிப்பரேஷன்லதானே ஜெயிச்சார்?" ஆமாம். 2008-ல் கிராம்னிக்கை, கறுப்புக் காய்களோட, ஒரே வகை ஓப்பனிங்கில் 3-வது, 5-வது ஆட்டங்களில் சாய்த்தார். ஆனா அது யாரோ கொடுத்த பிரின்ட் அவுட் இல்லை. அவரும் குழுவும் ஆழமா அலசி, தாங்களே எழுதின புக். யோசனை முதல்ல, புத்தகம் அப்புறம். நம்ம கோச்சிங் சென்டர் வரிசையைத் தலைகீழாக்கிடுச்சு.

19/ அதே ஆனந்தை 2013-ல் சென்னையிலேயே கார்ல்சன் எப்படி வென்றார்? ஓப்பனிங் சண்டைக்கே வராமல், சாதாரண நிலைக்குக் கொண்டுபோய், மணிக்கணக்கா ஆடி. 6.5-3.5.

20/ குகேஷுக்கு வருவோம். கிராண்ட்மாஸ்டர் தரத்தை நெருங்கும் வரை எஞ்சின் பக்கமே விடாமல் பயிற்சி கொடுத்தவர் விஷ்ணு பிரசன்னா. சொந்தமா கணக்குப் போடட்டும் என்று. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14-வது ஆட்டம். எல்லாரும் டிரா என்றார்கள். குகேஷ் விடலை. 55-வது மூவில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். 18 வயசில் உலக சாம்பியன். அந்த 55-வது மூவ் எந்த பிரின்ட் அவுட்டில் இருந்தது?

21/ பெற்றோருக்கு: கோச்சிடம் 3 கேள்வி கேளுங்க.
ஒண்ணு, இந்த மூவ் ஏன்னு என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?
ரெண்டு, தோத்த ஆட்டத்தை எஞ்சின் போடுறதுக்கு முன்னாடி அவனையே அலச விடுறீங்களா?
மூணு, காய் குறைஞ்ச எண்ட் கேம் எவ்வளவு நேரம் நடத்துறீங்க?
பதில் சொல்ல முடியாதவர் கோச் இல்லை, ஜெராக்ஸ் கடை.

22/ நல்ல கோச்சுகள் நம்ம மாவட்டத்திலும் இருக்காங்க. அவங்களுக்கு இந்த த்ரெட் கோபம் தராது. மத்தவங்க கமென்ட்ல வாங்க, பேசுவோம்.

23/ அந்தப் பையனுக்கு மாத்திரை எழுதலை. கண்டிஷன் ஒண்ணு போட்டேன்: ஒரு மாசம் ஃபைல் பீரோவுக்குள்ள. தினமும் அப்பாவோட ஒரே ஒரு ஆட்டம், முடிஞ்சதும் எங்க தப்புச்சுன்னு பையன்தான் அப்பாவுக்குச் சொல்லணும். தலைவலி திரும்ப வந்தா, மாறுச்சுன்னா, உடனே வாங்கன்னு சொல்லியிருக்கேன். நாங்களும் நிலையைத் திரும்பப் பார்க்கணும் இல்லையா.

"சார், எனக்கு செஸ் அவ்வளவா வராதுங்களே"ன்னார் அப்பா.
"ரொம்ப நல்லது. புக்ல இல்லாத மூவா ஆடுவீங்க"ன்னேன்.

பையன் அன்னிக்கு முதல் தடவையா சிரிச்சான்.