போட்ட காசும் போடும் காசும்

சீட்டாட்டத்தைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும். சூதுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார் வள்ளுவர். பாரதக் கதையின் திருப்பமும் ஒரு சூதாட்டந்தான். தருமன் முதற் பந்தயத்தைத் தோற்றதனால் அழியவில்லை. தோற்றபின்னும் எழுந்திராமையாலேயே அழிந்தான்.

பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் மாலை வேளையிலே நால்வர் கூடினால் முந்நூற்றுநாலு ஆடுவது புதிதன்று. முதல் நான்கு சீட்டுக்களை மட்டும் பார்த்து, 160க்குக் குறையாமற் கேட்க வேண்டும். மிகுதி நான்கும் பின்னரே வரும். நல்ல தொடக்கம் நல்ல முடிவாகிவிடும் என்ற ஆசை அங்கேயே முளைக்கின்றது.

இந்நாளில் இளைஞர் சிலர் கைத்தொலைபேசியிற் கற்றுக்கொண்டு ஆடும் ஹோல்டெம் போக்கரில் அவ்வாசை இன்னுந் தெளிவாகத் தெரியும். ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டு. எல்லார்க்கும் பொதுவாகத் தரையில் முதலில் மூன்று, பின் ஒன்று, ஈற்றில் ஒன்று. வரையறைப் பந்தயமாயின், முதலிரு சுற்றில் ஒரு பங்கும் பின்னிரு சுற்றில் இரு பங்குமே கட்டலாம். ஒருவன் கையில் ஆசும் ராஜாவும் வர, மகிழ்ந்து காசு கட்டுகிறான். தரையில் விழுபவையோ 9, 6, 3. அவன் சீட்டுக்கள் உயர்ந்தவைதாம். ஆயினும் இணை சேரவில்லை. இனியும் கட்டுவதா, விடுவதா?

கணக்கைக் கேட்போம். இணையில்லாத இரு சீட்டுடன் தொடங்குபவனுக்கு, முதல் மூன்று பொதுச் சீட்டிலே மூன்றுக்கு இரண்டு முறை ஒன்றுஞ் சேராது. எஞ்சிய மூன்று ஆசும் மூன்று ராஜாவுமாக ஆறு சீட்டே அவனுக்கு உதவும். காணாத 47 சீட்டில் அவற்றுள் ஒன்று அடுத்து வருவது ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. ஆகவே அவன் காசு வெல்வது சீட்டின் வலிமையாலன்று. எதிரி அஞ்சி ஒதுங்கினால்தான் வெல்லும்.

எதிரி ஒருவனேயாயின் அதற்கு இடமுண்டு. அவனுக்கும் பெரும்பாலும் ஒன்றுஞ் சேர்ந்திராது. நடுவே ஆறு பங்கு கிடக்க ஒரு பங்கு கட்டுபவன், ஏழில் ஒருமுறை எதிரியை ஒதுங்கச் செய்தாலே நட்டமில்லை. எதிரிகள் நால்வராயின், நால்வருக்குமே ஒன்றுஞ் சேராதிருப்பது ஐந்தில் ஒருமுறையளவே. அதிலும் சிறுதொகை ஆட்டத்தில், ஒன்றுமில்லாதவனும் “ஒரு பங்குதானே, பார்த்துவிடுவோம்” என்று காசைப் போடுவான். அஞ்சாதவனை அச்சுறுத்துவது எங்ஙனம்?

எனவே என் கருத்து இது: எதிரில் ஒருவனாயின் ஒருமுறை கட்டலாம். பலராயின் கட்டாதிருப்பதே அறிவு. பிறர் கட்டினால், நடுவே ஏழு பங்காவது இல்லாதவிடத்துச் சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். “இவ்வளவு கட்டியாயிற்றே” என்பர். கட்டிய காசு நம்முடையதன்று. அது நடுவிலே கிடக்கும் காசு. இனிக் கட்டப்போவதே நம் காசு.

இதனை ஊவாவிலிருந்து சொல்வதற்குக் காரணமுண்டு. கடன் தொகை குறித்த ‘துண்டு’ என்னுஞ் சீட்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்ட மக்களின் வழிவந்தவர் நாம். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அந்தச் சீட்டை நம் முன்னோர் விரும்பி எடுத்தாரல்லர். கீழே வைக்கும் உரிமையும் அவர்க்கில்லை. இந்தச் சீட்டையோ சம்பள நாள் மாலையில் நாமே எடுக்கிறோம். வைக்கும் உரிமையும் நம்மிடமே இருக்கிறது. அதனை ஏன் பயன்படுத்தாதொழிகிறோம்?

வகுப்பில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியர்கள், பந்தயமின்றி ஒரு சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து இக்கணக்கை மாணவர்க்குக் காட்டுவாராக. ஆசைக்கு அளவுண்டோ என்று அறநூல்கள் வினவும். எட்டுக்கு ஒன்று என்று கணக்கு விடை சொல்லும். இரண்டையும் ஒருங்கே அறிந்த பிள்ளை, போட்ட காசுக்காகப் போடும் காசை இழக்கமாட்டான்.