எழுத்து வந்தது, ஏடு வரட்டும்!

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு எவ்வளவு தொலைவு? பேருந்தில் ஏறி அமர்ந்தால் ஒரு மணி நேரத்திற்குள் போய் இறங்கிவிடலாம், இதையும் ஒரு தொலைவென்று கேட்கிறீர்களே என்பீர்கள். தோழர்களே! கீரமங்கலத்துப் பக்கம், விடியுமுன் எழுந்து பூப்பறித்துக் கூலி வாங்கும் பெண்ணைக் கேளுங்கள், தொலைவு எவ்வளவு என்று அவள் சொல்வாள். நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு வழிச்செலவு குறைந்தது, மெய்தான். ஆனால் போகிற நாளின் கூலியை யார் கொடுப்பார்? திரும்பி வருமுன் அடுப்பு மூட்டி வைப்பார் யார்? மாவட்டத் தலைநகரில் நடக்கும் புத்தகத் திருவிழா, அவளைப் பொறுத்தவரை, நாளேட்டில் பார்க்கும் படம். அந்த நாளேடும் அவள் வீட்டுக்கு வருவதில்லை; பூப்பொட்டலம் கட்டும் தாளாகத்தான் வருகிறது.

விழா நடத்துவோரைக் குறை கூற நாம் எழுதவில்லை. மாவட்ட நிருவாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துத் தோழர்களும் கைகோத்து நடத்தும் விழா அது. 2023ஆம் ஆண்டு மன்னர் கல்லூரித் திடலில் பத்து நாள் நடந்தது. பாராட்டத்தக்க பணி. அந்த நகரமோ நூலுக்குப் புதியதன்று. ஆசிரியப் பணி புரிந்த பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் துணைவியார் டோரதியும், ஊதியத்தில் மிச்சம் பிடித்து, பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்த நூல்கள், திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்ற ஆய்வு நூலகமாக வளர்ந்தன. லட்சம் நூல் இருக்கும் மனை அது! ஒரு குடும்பத்தால் இவ்வளவு முடியுமானால், ஓர் அரசால், ஓர் இயக்கத்தால் எவ்வளவு முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் கேட்பது இதுதான். தேர் என்றால் வீதி சுற்றி வரவேண்டும். நிலையிலேயே நின்றுகொண்டு, ஊர்தான் புறப்பட்டு வந்து தன்னைச் சுற்ற வேண்டும் என்று கூறும் தேர் உண்டா? பத்து நாள் விழாவில் நகரத்துக்கு ஏழு நாள் போகட்டும். மூன்று நாளேனும் ஆலங்குடிக்கு வரட்டும், கறம்பக்குடிக்கு வரட்டும், அறந்தாங்கிக்கு வரட்டும். ஒருமுறை வந்து போவதன்று. ஆண்டுதோறும், இன்ன மாதம், இன்ன கிழமை என்று சந்தைக்கு நாள் தெரிவது போல் மக்களுக்குத் தெரியும்படி வரட்டும்.

"சிற்றூரார் நூல் வாங்குவரா?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை எந்த மாவட்டத்தில் கேட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் கேட்பதைப் பொறுப்பதற்கில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மில் இளைஞராக இருப்போர் அந்நாளைக் கண்டவரல்லர்.

1991ஆம் ஆண்டு இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தறியாத பெண்கள், பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு, வயலில் குனிந்து நிமிர்ந்துவிட்டு, இரவில் விளக்கடியில் கூடி 'அ' எழுதினார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், ஊர்ப் பிள்ளைகள். அதோடு நின்றதா? அந்தப் பெண்கள் மிதிவண்டி பழகினார்கள்! 'பொம்பளைக்கு எதற்கு சைக்கிள்' என்று திண்ணையில் இருந்து நகைத்தவர்கள் முன்னே, புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் குடத்தையும் முன்னால் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். மிதிவண்டி பழகச் சொல்லி அறிவொளித் தொண்டர் ஒருவர் கட்டிய பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. இதழாளர் பி. சாய்நாத் இங்கு வந்து பார்த்து, பழகிய பெண்களின் தொகை ஒரு லட்சம் அளவில் இருக்கும் என்று எழுதினார்; 1996இல் வெளிவந்த அவருடைய நூல் வழியே உலகமே அறிந்துகொண்டது. கல் குவாரியில் கூலிக்கு உடைத்தவர்கள், குழுவாகச் சேர்ந்து குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்ததும் அந்நாளில்தான். எழுத்து, கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் பயன்படுவதன்று என்பதைப் பாடநூல் எழுதியவர்களுக்கே அந்தப் பெண்கள் கற்பித்தார்கள் எனலாம்.

பிறகு என்ன ஆயிற்று? எழுத்து சிற்றூர் வரை நடந்து வந்தது. ஏடு வரவில்லை! கற்றவர்க்குத் தொடர்ந்து படிக்க நூல் வேண்டும். இல்லையேல் எழுத்து மறந்துபோகும். பாசி படர்ந்த குளத்தில் கல்லெறிந்தால் விலகும் பாசி, சற்று நேரத்தில் மீண்டும் கூடிவிடுவதைப் பார்த்ததில்லையா? அன்று முப்பது வயதில் 'அ' எழுதிய தாய்க்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. பெரிய எழுத்தில், எளிய தமிழில், அவள் படித்து மகிழத்தக்க நூல் எத்தனை அவள் கைக்குக் கிடைத்தது? அவளுடைய பேத்தி பள்ளிப் பாடநூலன்றி வேறு எத்தனை நூலைத் தொட்டாள்? ஆலங்குடிக்குப் பந்தல் வரவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இந்தக் கடனைத் தீர்ப்பதற்காக, கேளிக்கைக்காக அன்று.

வாங்குவரா என்று கேட்பவர்க்கு வரலாற்றில் வேறு விடையும் இருக்கிறது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பார் ஒரு மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். நூலகத்துக்குப் போக முடியாதவனிடம் நூலகம் போயிற்று! வெள்ளைக்காரன் ஆட்சி, கரடுமுரடான பாதை, இரண்டு மாடு. இன்று தார்ச்சாலை இருக்கிறது, சரக்கு வேன் இருக்கிறது, கைப்பேசியில் அழைத்தால் அரிசி மூட்டை வீட்டு வாசலில் இறங்குகிறது; நூலுக்கு மட்டும் பாதை இல்லையாம்!

நம் மாவட்டத்து இராயவரத்துக்காரர் சக்தி வை. கோவிந்தனையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பாரதியின் எழுத்து நாட்டுடைமையானபின், அவர் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்கு மலிவுப் பதிப்பாகக் கொடுத்தவர் அவர். ஏழை வாங்கமாட்டான் என்று அவர் கருதவில்லை. ஏழை வாங்கக்கூடிய விலையில் கொடுத்தார், அவன் வாங்கினான். இன்று புத்தகக் காட்சிகளில் நூற்றுக்குப் பத்து கழிவு தருகிறார்கள். நானூறு ரூபாய் நூலுக்கு நாற்பது ரூபாய் குறைத்தால் கூலிக்காரன் வாங்கிவிடுவானா? ஐம்பது ரூபாய்க்குக் கீழே விலையிட்ட நூல்களுக்கென்றே ஆலங்குடிப் பந்தலில் ஒரு வரிசை இருக்கவேண்டும். ஈரோட்டில் 2005 முதல் விழா நடத்திவரும் மக்கள் சிந்தனைப் பேரவையார், மாணவர் கையில் உண்டியலைக் கொடுத்து, காசு சேர்த்து வந்து நூல் வாங்கச் செய்தார்கள். நல்ல முறை, எடுத்துக்கொள்வோம்.

நூல் வந்தால் என்ன பயன் விளையும் என்பதற்கு ஆலங்குடி வட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஹைட்ரோகார்பன் திட்டப் பட்டியலில் நெடுவாசலின் பெயர் வந்தது. அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? எவ்வளவு ஆழம் துளையிடுவார்கள்? நிலத்தடி நீர் என்னவாகும்? விவசாயிகள் கேட்டார்கள். துண்டறிக்கை வந்தது, படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்டார்கள், கேட்டவர்கள் பந்தலில் அமர்ந்தார்கள், பெண்கள் முன்வரிசையில். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் இடம்பெற்றன. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதை விளக்கும் தமிழ் நூல் ஒன்று, ஆலங்குடிப் பந்தலில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டாமா? 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபின், என்ன நடுவது, எப்படி நடுவது என்று திகைத்து நின்ற உழவனுக்கு, அவன் மண்ணைப் பற்றிய நூல் வேண்டாமா? கதையும் கவிதையும் வேண்டும், மறுப்பாரில்லை; இவையும் வேண்டும்.

இனி, மேடையைப் பற்றி ஒரு சொல். எழுத்தாளர் பேச்சு என்று அறிவிக்கிறார்கள். வருபவர் எழுத்தாளராக இருந்தால் நல்லது. பல நேரங்களில் பட்டிமன்றப் புகழாளராக இருக்கிறார். நகைச்சுவை பொழிகிறது, நாற்காலிகள் நிறைகின்றன, கடைவரிசையில் நூல் விற்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்! மேடைக்கு எதிரி அல்லோம் நாம். மேடையில் வளர்ந்தவர்கள் அல்லவா? ஆயினும் ஆலங்குடியில் வேறு வழி பார்ப்போம். அழைக்கப்படும் எழுத்தாளரின் நூல் ஒன்றை, விழாவுக்கு ஒரு மாதம் முன்னரே பத்துப் பிரதி வாங்கி, ஊர்ப் படிப்பகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்துவிடுவது. கூடிப் படிக்கட்டும், ஒருவர் படிக்கப் பலர் கேட்கட்டும். பிறகு எழுத்தாளர் வரட்டும். மேடை வேண்டாம், ஜமுக்காளம் போதும். படித்தவர்கள் கேள்வி கேட்பார்கள். 'உங்கள் கதையில் வரும் பெண் ஏன் அப்படிச் செய்தாள்?' என்று நெசவுக்காரரோ, சத்துணவுப் பணியாளரோ கேட்கும்போது, எந்த நகரத்து மண்டபத்திலும் கிடைக்காத மரியாதை அந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும்.

இது நமக்குப் புதிய பழக்கமன்று. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படிக்கக் கேட்டு இயக்கத்துக்கு வந்தவர்கள் நம் முன்னோடிகள். ஓலைக் கூரை, ஒரு பெஞ்சு, நாலு நாளேடு: அதுதான் படிப்பகம். அங்கே உருவான பேச்சாளர்கள் பின்னர் சட்டமன்றத்தில் பேசினார்கள். இன்றோ, பொன்னாடைக்குப் பதிலாக நூல் வழங்கும் நல்ல வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. மகிழ்ச்சி! ஆனால் வாங்கிய நூல் எங்கே போகிறது, தோழர்களே? மேடையில் கை மாறி, காரின் பின்னிருக்கையில் ஏறி, வீட்டு அலமாரியில் உறை பிரியாமல் உறங்கும் நூல்கள் எத்தனை? அவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரட்டினால் ஒரு படிப்பகம் நிறைந்துவிடும்.

பந்தல் பிரித்தபின் என்ன மிஞ்சும் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. 1977இல் சென்னையில், அண்ணாசாலையில் ஒரு பள்ளி வளாகத்தில் சிறிதாகத் தொடங்கியது புத்தகக் காட்சி; இன்று கடல்போல் விரிந்துவிட்டது. 2022க்குப் பிறகு எல்லா மாவட்டங்களிலும் அரசே நடத்த முன்வந்திருக்கிறது. வரவேற்கிறோம். எனினும் மூன்று நாளில் வாங்க முடியாதவனுக்கு முந்நூறு நாளும் இரவல் தருவது நூலகம் ஒன்றே. புதுக்கோட்டை அரசர் ஆட்சி நீங்கி நாட்டோடு இணைந்தது 1948இல். அதே ஆண்டில்தான் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம். நூலைப் பூட்டிவைக்கக் கூடாது, பயன்படுத்த வேண்டும் என்பதையே துறையின் முதல் விதியாக வகுத்த சீர்காழி இரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னே இருந்தது.

அந்தச் சட்டத்தின் வழியே, வீட்டு வரி ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக இன்று நம்மிடம் வாங்கப்படுகிறது. ஆம், பூப்பறிக்கும் அந்தப் பெண்ணும் கட்டுகிறாள்! உள்ளாட்சிகள் வாங்கிய வரியை நூலகத்துறைக்கு உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைக்கும் கதை பலமுறை செய்தியாகிவிட்டது. உங்கள் ஊரில் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு செலுத்தினார்கள்? கிராம சபையில் எழுந்து கேட்டதுண்டா? சாலையைக் கேட்கிறோம், தண்ணீரைக் கேட்கிறோம். இதையும் கேட்கலாம் என்பதே பலர்க்குத் தெரியாது. நம் கட்சிக்காரர் தலைவராக உள்ள ஊராட்சியில் கேட்பது சங்கடம் என்று தயங்குவோரும் உண்டு. அங்கேதான் முதலில் கேட்கவேண்டும்.

2006 முதல் ஐந்து ஆண்டுகளில், அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடம் திட்டமிடப்பட்டது. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். சில இடங்களில் நன்றாக நடக்கிறது. பல இடங்களில் பூட்டுத் துருப்பிடித்திருக்கிறது, உள்ளே ஓட்டுப்பெட்டித் தட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் குடியிருக்கின்றன.

ஆலங்குடி வட்டத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். இன்று ஞாயிறு. ஊராட்சிக்கு இருவராகப் பிரிந்து செல்லுங்கள். நூலகக் கட்டடம் இருக்கிறதா, எந்த நேரம் திறக்கிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி, அடுத்த கிழமைக்குள் வட்ட அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். புத்தகத் திருவிழாவை ஆலங்குடிக்குக் கொண்டுவர வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். அந்த மனுவோடு இந்தப் பட்டியலையும் சேர்த்தே கொடுப்போம்.