உப்பு குறைந்தது சாம்பாரில் அல்ல



இன்று நான் இரண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒன்று என் மருமகளிடம், இன்னொன்று உங்களிடம்.

மார்ச் மாதம் கீழ்த்தாடையில் வலப்பக்க ஞானப்பல்லை எடுத்தேன். ஈறுக்குள் படுத்துக் கிடந்த பல். எலும்பைச் சிறிது அறுத்துத்தான் எடுத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகும் சாப்பாட்டில் ருசி இல்லை. "சாம்பாரில் உப்பே இல்லையேம்மா" என்று தினமும் குறை சொன்னேன். மருமகள் பதில் பேசாமல் உப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். நானும் அள்ளிப் போட்டுக்கொண்டேன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற எனக்கு அடுத்த பரிசோதனையில் 170 காட்டியது.

பண்ருட்டிப் பலாப்பழம் வாங்கி வந்த அன்றுதான் விழித்துக்கொண்டேன். வாசனை நன்றாகத் தெரிந்தது. சுளை இடப்பக்கம் இனித்தது, வலப்பக்கம் வெறும் சக்கை. உடனே பஞ்சுக் குச்சியில் சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் நான்கையும் தொட்டு நாக்கின் முன்பகுதியில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் நான்கும் தெரிந்தன. வலப்பக்கம் எதுவுமே தெரியவில்லை.

இரண்டாவது மன்னிப்பு இதற்குத்தான். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று கரும்பலகையில் நாக்குப் படம் வரைந்து உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது தவறு. 1901-ல் ஒரு ஜெர்மன் ஆய்வாளர் கண்ட சிறு வித்தியாசத்தைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கிவிட்டார்கள். நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும்.

கீழ் ஞானப்பல்லை ஒட்டியே நாக்கு நரம்பு போகிறது. காது வழியாக வரும் சுவை நரம்பும் அதனோடு சேர்ந்து, அந்தப் பக்கத்து நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் செல்கிறது. பல் எடுக்கும்போது அந்த நரம்பு நசுங்கலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நரம்பு அறுந்திருந்தால் சீக்கிரம் காட்டினால்தான் பலன்.

பல் எடுத்தவரிடம் "வலி போச்சா?" என்று எல்லோரும் கேட்கிறோம். "ருசி தெரிகிறதா?" என்று யாரும் கேட்பதில்லை. பெரியவர்கள் அதை வயசுக் கோளாறு என்று நினைத்து மறைக்கிறோம், வீட்டில் இருப்பவர்கள் வீம்பு என்று நினைக்கிறார்கள். இரண்டும் தப்பு. பல் எடுக்கும் முன்பே நரம்பைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிறகு மரத்துப்போனாலோ ருசி மாறினாலோ உடனே போய்ச் சொல்லுங்கள். உப்பைக் கூட்டாதீர்கள். இதற்குப் பயந்து, எடுக்க வேண்டிய பல்லை எடுக்காமலும் இருக்காதீர்கள்.

எனக்கு இது நாலாவது மாதம். முக்கால்வாசி ருசி திரும்பிவிட்டது. நேற்று "சாம்பார் பிரமாதம்மா" என்றேன். "எப்பவும் போடற உப்புதான் மாமா" என்றாள்.

உங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டைக் குறை சொன்னால், கோபப்படும் முன் நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்