கதவைச் சாத்திவிட்டு வருகையை எண்ணுவோர்

"இந்திய மொழிப் பக்கங்களை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காதவற்றுக்கு எதற்குச் செலவு?" உயர்கல்வி நிறுவனங்களின் இணையதளங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இவ்வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. ஆங்கிலப் பக்கத்துக்கு வந்தோர் எண்ணிக்கை ஒருபுறம், தமிழ் அல்லது மராத்திப் பக்கத்துக்கு வந்தோர் எண்ணிக்கை மறுபுறம். இரண்டையும் ஒப்பிட்டு, தேவை இல்லை என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. அந்தப் பக்கத்துக்கு ஒருவர் எவ்வழியாக வந்து சேர முடியும் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. வாசகர் இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் அந்த எண், வழி இல்லை என்பதற்கே சான்று என்பது இப்பதிவின் வாதம்.

முதலில் வழியைப் பார்ப்போர் காண்பது இது. முகப்புப் பக்கம் ஆங்கிலத்தில் திறக்கிறது. மொழி மாற்றும் பொத்தான் மேல் மூலையிலோ அடிக்குறிப்புகளுக்கு நடுவிலோ சிற்றெழுத்தில் ஒளிந்திருக்கிறது. அதை அழுத்தினால் விரியும் பட்டியலில் தமிழ், கன்னடம், ஒடியா எல்லாம் ஆங்கில எழுத்தில் ஆங்கிலப் பெயர்களாகவே நிற்கின்றன. தமிழ்ப் பக்கம் யாருக்குத் தேவையோ அவர் அதைக் கண்டடைய ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பின்னும், படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் தமிழ் வடிவம் வராது. முகப்புக்கே திருப்பி அனுப்பப்படுவார். சேர்க்கை அறிவிப்போ உதவித்தொகை விதிகளோ தேடி வந்தவர் மீண்டும் முதல் படியில் நிற்பார். இத்தனை தடைகளையும் தாண்டி வந்தவர்களை எண்ணி, "இவ்வளவுதான் தேவை" என்பது எவ்வகைப் புள்ளியியல்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர். சந்தாலி பேசுவோர் மட்டுமே 73 லட்சத்துக்கு மேல். தமிழ் பேசுவோர் 6.9 கோடி, வங்கமொழி பேசுவோர் 9.7 கோடி. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் பெருந்தொகையினர் என்பது மெய்யே. ஆயினும் கற்ற மொழியில் தட்டுத்தடுமாறிப் படிக்க முடிகிறது என்பது, தாய்மொழியில் கிடைப்பதை மறைத்து வைக்க நியாயமாகாது. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணை 22 மொழிகளைக் கொண்டுள்ளது. அவற்றுள் எதைத் தேடினாலும் "பிராந்திய மொழிகள்" என்ற ஒற்றைப் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டியிருப்பதே ஒரு மனப்பான்மையின் வெளிப்பாடு.

பொத்தானை இடம் மாற்றுவதோடு இச்சிக்கல் தீர்ந்துவிடாது. நூலகப் பட்டியல்களில் அது இன்னும் ஆழமானது. பல பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ் நூலின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ரோமன் எழுத்தில் மட்டுமே பதிவு செய்துள்ளன. தகரத்தை ஒருவர் டி என்ற ஓரெழுத்தால் எழுதுகிறார். வேறொருவர் அதனுடன் எச் சேர்க்கிறார். ழகரத்துக்கு இசட்-எச் என எழுதுவோர் உண்டு. எல் மட்டும் எழுதுவோர் உண்டு. அனைத்துலக நூலக முறையைப் பின்பற்றி எல் எழுத்தின் கீழ் கோடிடுவோரும் உண்டு. புதுமைப்பித்தன் என்ற ஒரே பெயர் இவ்வாறு பல ஆசிரியர்களாகப் பிரிந்துவிடுகிறது. தேடுபவர் தமிழிலேயே தட்டச்சு செய்தால் "முடிவுகள் எவையும் இல்லை" என்று திரை சொல்லும். நூல் அடுத்த அறையின் அடுக்கில் இருக்கும். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் வருடப்பட்ட இந்திய மொழி நூல்களைத் தேடி அலைந்தோர் இதை நன்கறிவர். நூலைக் காப்பாற்றியாயிற்று, அதன் பெயரைத் தொலைத்தாயிற்று.

ஆய்வேடுகளின் நிலை என்ன? முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்தது. அதன் பயனாக வளர்ந்த சோத்கங்கா, இந்திய ஆய்வுலகின் பெருஞ்சொத்து, அதில் ஐயமில்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் இத்தகைய களஞ்சியங்களுக்கு அனுப்பும் இந்திய மொழி ஆய்வேடுகளுள் பல வெறும் பட வடிவக் கோப்புகள். அவற்றின் உள்ளே எந்தத் தேடுபொறியும் நுழைய முடியாது. வேறு பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றில் கண்ணுக்குத் தெரிவது "தமிழ்" என்ற சொல்; கணினிக்குள் கிடப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஐந்தாண்டுகள் ஒருவர் களத்தில் திரட்டிய தரவு இவ்வாறு இணையத்தில் இருந்தும் இல்லாததாகிறது. ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதன் பின்னும் பழைய எழுத்துருவில் ஆய்வேட்டை வாங்கி அப்படியே ஏற்றும் நிறுவனம், காலத்தைக் காரணம் காட்ட இயலாது.

தேடுபெட்டியின் இலக்கண அறியாமை தனிக்கதை. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த தேடல், சொல்லை எழுத்துக்கோவையாக மட்டும் ஒப்பிடுகிறது. "மரம்" என்று தேடினால் "மரத்தில்", "மரத்தை" ஆகியவை அகப்படா. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. "ஊர்" என்று தேடினால் "ஊரில்" கிடைக்காது; ரகரத்தின் மேலிருந்த புள்ளி போய் இகரக் குறி அமர்ந்துவிட்டது. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு 2008இல் ஒருங்குறியின் 5.1ஆம் பதிப்பு தனிக் குறியீடுகள் தந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவை வேறு குறியீட்டுத் தொடரில் உள்ளன. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுமாறு அமைக்காத தேடலில், ஒரே சொல்லின் பாதி வரலாறு மறைந்துபோகும். இவை அனைத்தும் தீர்வு அறியப்பட்ட சிக்கல்கள். தீர்க்காமல் விட்டிருப்பது அக்கறையின்மை.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்பது. மொழிபெயர்ப்புப் பொறி ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கித் தரலாம். தமிழில் ஏற்கெனவே எழுதப்பட்டுப் புதைந்துகிடக்கும் ஆய்வை அது தேடி எடுத்துத் தராது. கண்டுபிடிக்கப்படாத பனுவலை எந்தப் பொறியும் மொழிபெயர்க்க முடியாது. இரண்டாவது, பயனர் இருக்கும் இடத்தைக் கொண்டு மொழியை ஊகித்துவிடலாம் என்பது. பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவருக்குக் கன்னடப் பக்கத்தையும், சென்னையில் வாழும் தெலுங்கருக்குத் தமிழ்ப் பக்கத்தையும் திணிக்கும் ஏற்பாடு அது. ஒருவர் தம் உலாவியில் விருப்ப மொழியைக் குறித்து வைத்திருந்தால், அச்செய்தி ஒவ்வொரு வேண்டுகோளுடனும் வழங்கிக்கு வந்து சேர்கிறது. சொல்லியிருப்பதைக் கேளாமல், சொல்லாததை ஊகிப்பது ஏன்?

செய்ய வேண்டியவை அரியவை அல்ல.

1. மொழிப்பெயர்கள் அந்தந்த மொழியின் எழுத்திலேயே, பக்கத்தின் மேற்பகுதியில், கண்ணில் படும் அளவில் இருக்க வேண்டும். அழுத்தினால் அதே பக்கத்தின் மறுமொழி வடிவம் திறக்க வேண்டும்.

2. ஆங்கிலக் கட்டுரையைப் படிப்பவருக்கு, அதே பொருள் குறித்து மராத்தியிலோ வங்கத்திலோ உள்ள ஆக்கம் அருகிலேயே சுட்டப்பட வேண்டும். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையும் பிறமொழிக் கட்டுரைகளுக்கு இணைப்புத் தருகிறது. தன்னார்வலர்களால் இயலுவது ஊதியம் பெறும் நிறுவனங்களுக்கு இயலாதா?

3. நூற்பட்டியலில் மூல எழுத்து முதலில். ரோமன் வடிவம் துணையாக. ஓர் ஆசிரியரின் பல எழுத்துக்கூட்டல்களும் ஒரே பெயரின் கீழ் இணைக்கப்பட வேண்டும்.

4. ஒவ்வொரு பக்கமும் தன் மொழியையும் எழுத்தையும் நிரலில் அறிவிக்க வேண்டும். சிந்தி அரபு எழுத்திலும் தேவநாகரியிலும் எழுதப்படுகிறது. மொழியைச் சொன்னால் எழுத்தைச் சொன்னதாகாது. அறிவிப்பு இல்லாத தமிழ்ப் பக்கத்தைப் பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் எம்மொழியில் படிப்பது என்றறியாமல் தடுமாறும்.

5. ஆய்வேடுகள் ஒருங்குறியில் மட்டுமே பெறப்பட வேண்டும். பழைய கோப்புகளை மாற்றக் கால வரையறை வேண்டும்.

இவற்றுக்குப் பணம் வேண்டும் என்பர். வேண்டும்தான். ஆனால் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் திரட்டும் மதுரைத் திட்டம் 1998இல் தன்னார்வலர்களின் உழைப்பால் தொடங்கியது. பின்னர் ஒருங்குறிக்கும் மாறியது. அதற்குப் பின்னால் நின்றது பெருநிதியன்று; அந்நூல்கள் படிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம்.

இதில் பணயமாக வைக்கப்பட்டிருப்பது ஆய்வின் நேர்மை. "இப்பொருள் குறித்து முன்னாய்வு எதுவும் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதும் ஒவ்வோர் அறிமுக இயலும், எத்தனை தமிழ், கன்னட, அசாமிய ஆய்வேடுகளின் மேல் ஏறி நின்றுகொண்டு அதைச் சொல்கிறது? தேடலில் கிடைக்காதது மேற்கோள் காட்டப்படுவதில்லை. மேற்கோள் காட்டப்படாதது தரமற்றது என்று கருதப்படுகிறது. அதன்பின் நெறியாளர் தம் மாணவரிடம், "தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்? ஆங்கிலத்தில் எழுது" என்கிறார். மாணவர் அவ்வாறே செய்கிறார். தமிழ்ப் பக்கத்தின் வருகை எண்ணிக்கை மேலும் ஒன்று குறைகிறது. அடுத்த கூட்டத்தில் அந்த எண் மீண்டும் சான்றாக வைக்கப்படுகிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை உயர்கல்வியில் இந்திய மொழிகளை வளர்ப்பது பற்றி விரிவாகப் பேசுகிறது. அதை வரவேற்று விழா எடுக்கும் துணைவேந்தர்களும் துறைத்தலைவர்களும், விழா முடிந்ததும் தங்கள் நூலகத்தின் தேடுபெட்டியில் தங்கள் தாய்மொழியில் ஒரேயொரு சொல்லைத் தட்டச்சு செய்து பார்க்கட்டும். என்ன வருகிறது என்பதைப் பார்த்த பிறகு, வாசகர் இல்லை என்ற பேச்சை எடுக்கட்டும்.