தைராய்டு மாத்திரையும் மலைமருந்தும்

‘எனக்குத் தைராய்டு இருக்கின்றது’ என்று கூறுவோர் இந்நாளில் பலர். தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இவ்வழக்கு நெடுநாள் நகைப்பையே விளைத்து வந்தது. தைராய்டு என்பது நோயின் பெயரன்று. மாந்தர் யாவர்க்கும் கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த ஒரு சுரப்பியின் பெயர். கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அது செவ்வனே இருப்பவர்க்குக் குறை யாது? ஆயினும், என் அத்தையாருக்கு அச்சுரப்பி தன் தொழிலிற் குன்றியபின் அந்நகைப்பு என்னை விட்டகன்றது.

அத்தையார் இராசபாளையத்து நூற்பாலையொன்றில் வேலை செய்பவர். யாங்கள் வாழும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அவ்வூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரே தொலைவு. ஞாயிறுதோறும் ஆலயத்திற் கீர்த்தனைக்கு முதற்குரல் எடுப்பவர் அவர். மூன்றாண்டுகட்கு முன் அக்குரல் கரகரத்தது. ஆலையின் பஞ்சுத்தூசியே காரணமென்று எண்ணி வாளாவிருந்தோம். பின்னர் உடல் பருத்தது, மயிர் உதிர்ந்தது, சித்திரை மாதத்து வெயிலிலும் போர்வையைத் தேடினார். இரத்தத்தைச் சோதித்தபொழுதுதான் உண்மை விளங்கிற்று. மருத்துவர் லெவோதைராக்சின் மாத்திரை தந்தார். சில திங்களிற் குரல் தெளிந்தது. அயர்வு மட்டும் தெளியவில்லை. மீண்டும் சென்று முறையிட்டபொழுது, ‘சோதனை சரியாக இருக்கின்றது, உமக்கு ஒன்றுமில்லை’ என்று விடை கிடைத்தது. அடுத்த முறை சோதனை சரியாக இல்லை, மாத்திரை கூட்டப்பட்டது. அயர்வோ முன்போலவே நின்றது.

இஃது அவர் ஒருவர்க்கே நேர்ந்ததன்று. சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்களில் நடந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வயது வந்தோரில் 100க்கு ஏறத்தாழ 11 பேர்க்குத் தைராய்டுக் குறைவு உண்டெனக் கண்டது. மாத்திரை உண்டு, சோதனையளவும் செம்மையுற்ற பின்னரும் சோர்வும் மறதியும் நீங்காதவர் 100க்கு 5 முதல் 10 பேர் என்று மருத்துவர்களே கணக்கிடுகின்றனர். ஆதலின், அவர்கள் சொல்வதனைக் கற்பனையென்று தள்ளுதல் அறியாமையேயாம்.

தள்ளப்பட்டவர் வேறிடம் நாடுவர். எம் பக்கத்தார்க்கு அவ்வேறிடம் மலை. சதுரகிரி சித்தர் வாழ்ந்த மலையென்று பெயர் பெற்றது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மக்கள் திரள்திரளாய் ஏறுவர். அங்கிருந்து வந்ததென்னும் வேரும் பொடியும் எம்மூர்களில் எளிதிற் கிடைக்கும். அத்தகைய பொடியொன்றை அத்தையாருக்கு விற்ற ஒருவர், ‘மாத்திரை இரசாயனம், அதனை நிறுத்தினாலன்றி இது வேலை செய்யாது’ என்றார். அத்தையார் நிறுத்திவிட்டார். முதல் இரு கிழமை உடம்பு நன்றாயிருந்தது. வீட்டார் எல்லாரும் பொடியைப் புகழ்ந்தோம். நானும் புகழ்ந்தேன் என்பதை ஈண்டு மறைத்தல் தகாது.

அப்புகழ்ச்சியின் பொய்ம்மையை யான் பின்னரே கற்றேன். தைராக்சின் உடம்பினின்று விரைவில் நீங்குவதன்று. அதன் பாதி கழிவதற்கே ஏறத்தாழ 7 நாள் ஆகும். எஞ்சியதிற் பாதி கழிய மற்றுமோர் 7 நாள். அளவை மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்தே மறு சோதனை செய்வதும் இதனாலேயாம். மாத்திரையை விட்டவர் பழைய மாத்திரையின் பலத்திலேயே சில நாள் நடமாடுவர். பெயரைப் பொடி தட்டிக்கொள்ளும். இரண்டாந் திங்களில் அத்தையாரின் முகம் வீங்கிற்று. பேச்சுத் தாழ்ந்து இழுத்தது. ஆலைக்குச் செல்ல இயலாது பதினெட்டு நாள் ஊதியம் இழந்தார்.

‘இரசாயனம்’ என்னும் அச்சத்தைக் குறித்தும் ஒரு சொல். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஜார்ஜ் மர்ரே என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியினின்று வடித்த சாற்றை, இந்நோய் முற்றிய 46 வயது மாதொருவர்க்கு ஊசியால் ஏற்றினார். அம்மாது 1919 வரை உயிர் வாழ்ந்தார். 1914இல் அமெரிக்கராகிய கெண்டல் அச்சுரப்பியின் சத்தைத் தனியே பிரித்தார். 1927இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதனைச் சோதனைச் சாலையில் ஆக்கினர். நம் கழுத்திற் சுரக்கும் தைராக்சினும் மாத்திரையிலுள்ள தைராக்சினும் ஒரே பொருளே. மேனாடுகளிற் சிலர் இன்றும் பன்றியின் சுரப்பியை உலர்த்திப் பொடித்த பழைய மருந்தையே ‘இயற்கை’ என்று விரும்புகின்றனர். அதில் டி4, டி3 என்னும் இரண்டும் நான்கிற்கொன்றாக உள்ளன. மனிதச் சுரப்பியிலோ ஏறத்தாழப் பதினான்கிற்கொன்று. பன்றிக்கு எது இயற்கையோ அது நமக்கும் இயற்கையாதல் எங்ஙனம்?

இனி, மூலிகை எல்லாம் வெறும் புல்லென்று யான் கூறவில்லை. அமுக்கராக் கிழங்கு வலிமையற்றதாயின் எனக்கு அச்சமே இராது. தைராய்டு சிறிது குன்றிய 50 பேரிடம் 8 வாரம் நடத்திய ஆய்வொன்றில் அது சுரப்பைக் கூட்டியதென 2018இல் வெளியிட்டனர். ஐம்பதின்மர் மிகச் சிலர்; ஆயினும் வழி இருக்கலாம். அதே கிழங்கால் சுரப்பு அளவுமீறி நெஞ்சு படபடத்தவர்களும் உளர். மாத்திரையும் உண்டு, மருத்துவர்க்கு உரையாது கிழங்கையும் உண்பவர் இருபுறமும் எரியும் கொள்ளியிற் சிக்கியவராவர். கடற்பாசி மாத்திரையின் செய்தியும் அத்தகையதே. அயோடின் மிகின், குன்றிய சுரப்பி மேலுங் குன்றும். அமெரிக்காவில் ‘தைராய்டுக்கு நல்லது’ என்று விற்ற 10 பொருள்களை ஆராய்ந்தபொழுது 9இல் டி3 என்னும் சுரப்புநீரே கலந்திருந்ததென 2013இல் எழுதினர். பொடி விற்பவர் பொடியில் யாது உளதென்று எழுதி ஒட்டும் வரையில் அதனை நம்புதற்கு இடமில்லை.

அத்தையாரின் அயர்வு எதனால் நீங்கிற்று? மற்றொரு மருத்துவர், சோதனைத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, “மாத்திரையை எப்பொழுது, எதனோடு உண்கிறீர்கள்?” என்று வினவினார். “தவறாமத்தான் முழுங்குறேன். விடிய ஷிப்டு முடிஞ்சதும் டீக்கடையில டீயோட போட்டுக்குவேன், கூடவே சத்து மாத்திரையும்” என்றார் அத்தையார். அச்சத்து மாத்திரை இரும்புச்சத்து. தேநீரும் காப்பியும் பாலும் இரும்பும் சுண்ணச்சத்தும் தைராக்சினைக் குடலில் ஏறவொட்டாமல் தடுப்பன. வெறுவயிற்றில் நீரோடு உண்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வேறொன்றும் உண்ணாதிருத்தல் வேண்டும். இரும்பிற்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சோதனை ஒருமுறை சரியாகவும் ஒருமுறை பிழையாகவும் வந்ததன் காரணம் இதுவே. அன்றியும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9தான் இருந்தது. குருதிக் குறைவும் மயிரை உதிர்க்கும், அயர்வைத் தரும். பி12 குறைவும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதலும், மனத்துயரும் அங்ஙனமே செய்யும். எல்லாவற்றையும் தைராய்டின் தலையில் ஏற்றுவது எளிது.

அவ்வொரு வினாவை மூன்றாண்டு ஒருவரும் வினவவில்லை. மாத்திரைப் பெட்டியினுள் மடித்த தாளொன்று இருந்தது. நேரமும் உணவும் குறித்த யாவும் அதில் ஆங்கிலத்தில் இருந்தன. இராசபாளையத்து ஆலைப்பெண்கள் எத்துணைப் பேர்க்கு அது பயன்படும்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் தமிழில் ஆக்கினார். வேற்று நாட்டார் ஒருவர் செய்யத் துணிந்ததனைத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய நாம் ஒரு பக்கத் தாளளவிலேனும் செய்யலாகாதோ? விடுமுறையில் யான் அத்தாளின் இன்றியமையாத பகுதியைத் தமிழில் எழுதி, மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். ‘வெறுவயிற்றில்’ என்பதனை யான் முதலில் வேறொரு செந்தமிழ்ச் சொல்லால் எழுதியிருந்தேன். அத்தையாருக்குப் புரியவில்லை, அடித்துவிட்டேன். அத்தாள் இப்பொழுது அவர் அடுக்களைச் சுவரில் இருக்கின்றது. ஆலையில் உடன் வேலை செய்யும் நால்வர் படி எடுத்துச் சென்றனர்.

சதுரகிரிப் பொடி இன்னும் அலமாரியில் இருக்கின்றது. அதனையும் மாத்திரைச் சீட்டையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிற் பயின்ற மருத்துவர் ஒருவரைக் காண எண்ணியுள்ளோம். இரவு ஷிப்டு வாரங்களில் அத்தையார் இன்றும் சோர்ந்தே வீடு திரும்புகின்றார். ஆதலால் அவர்க்கு வார விடுமுறை கிடைக்கும் நாளிலேதான் செல்லுதல் இயலும்.