கார் போட்டோ நல்லா இருந்தா போதுமா? கார் தெரிய வேண்டாமா?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் காரமான பதிவு. பக்கத்துல தண்ணி வச்சுக்கோங்க. காருக்கு ஊத்த இல்ல, குடிக்க :-)

பழைய காரை விக்க போட்டோ எடுக்கணும்னு யாரைக் கேட்டாலும் ஒரே மந்திரம்தான். நல்லா கழுவு. ஈரம் காயறதுக்குள்ள எடு. சாயங்கால வெயில்ல எடு. பின்னாடி மலை தெரியட்டும். ஆனைகட்டி ரோட்டுல நிறுத்தி எடுத்த போட்டோவுல கார் புது மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கும். நேர்ல போனா மாப்பிள்ளைக்கு மூணு எடத்துல டிங்கரிங்!

என் கட்சி இதுதான். நல்லா இருக்கற போட்டோ வேற, நல்ல போட்டோ வேற. விக்கற கார் போட்டோவுக்கு ஒரே வேலைதான்: போய்ப் பார்க்கலாமா வேண்டாமான்னு வாங்கறவன் வீட்டுல இருந்தே முடிவு பண்ண உதவணும்.

ஈரோட்டு நண்பன் ஒருத்தன் இப்படி ஒரு போட்டோவை நம்பி, ஆபீசுக்கு லீவு போட்டு, மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி குடுத்து, நூறு கிலோமீட்டர் தாண்டி கோயமுத்தூர் வந்தான். காரை ஒரு சுத்து சுத்தினாங்க. முன் கதவு ஒரு சிவப்பு, பின் கதவு ஒரு சிவப்பு. அஞ்சு நிமிஷத்துல கெளம்பிட்டாங்க. லீவு, கூலி, பெட்ரோல் எல்லாம் போச்சு. வித்தவருக்கு மட்டும் என்ன லாபம்? கார் அங்கயேதான் நின்னுது.

இதுல இருக்கற சூட்சுமம் ரொம்ப சின்னது. சன்னக் கீறல்களை தண்ணி நெரப்பிடும். மேல்பரப்பு வழவழப்பாகி, வெளிச்சம் சிதறாம, கலர் அடர்த்தியா தெரியும். சாயங்கால வெயில் எல்லாத்து மேலயும் மஞ்சள் பூசிடும், பெயிண்ட் வித்தியாசம் அதுல அமுங்கிடும். அழகுக்குன்னு சொல்ற ஒவ்வொண்ணும் எதையோ ஒண்ணை மறைக்குது.

"ஏனுங்க, பொண்ணு பாக்க போட்டோ குடுத்தா பவுடர் போட மாட்டாங்களா?"ன்னு கேப்பீங்க. போடட்டும். காரையும் கழுவுங்க, தூசியோட எடுக்கச் சொல்லல. ஆனா காய விட்டு எடுங்க. பவுடர் வேற, பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோவை அனுப்பறது வேற.

காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்க. பல்லைப் பிடிச்சுப் பார்க்காம, சுழி பார்க்காம, நாலு எட்டு நடக்க விடாம யாரும் மாட்டுக்கு விலை பேச மாட்டாங்க. கொம்புக்கு பெயிண்ட் அடிச்சிருக்கறதைப் பார்த்து மயங்கற ஊரா இது? லட்சக்கணக்குல குடுத்து கார் வாங்கறப்ப மட்டும் ஏன் மயங்கணும்?

சரி, எப்படித்தான் எடுக்கறது?

வெளிச்சம்: மேகமூட்டம்தான் பெஸ்ட். பாலக்காட்டுக் கணவாய் புண்ணியத்துல ஜூன், ஜூலைல நம்மூருக்கு அது ஓசியிலயே கிடைக்குது. ரேஸ்கோர்ஸ் மர நிழல் வேண்டாம், பானெட் பூரா இலை இலையா விழும். அவிநாசி ரோட்டுல 2025 அக்டோபர்ல திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்து மேல நிறுத்தவே நிறுத்தாதீங்க. போட்டோவை விட உசுரு முக்கியம்.

தூரம்: போன்ல இருக்கற மெயின் கேமரா வைட் லென்ஸ். கிட்டப் போனா காருக்கு மூக்கு வீங்கிடும். பத்தடி பின்னால போய் ரெண்டு மடங்கு ஜூம் வைங்க. ஹெட்லைட் உயரத்துக்கு குனிஞ்சு எடுங்க.

பிரதிபலிப்பு: போட்டோகிராபருங்க போலரைஸர் போட்டு இதைத் துடைக்கச் சொல்லுவாங்க. நான் வேணும்னே வைக்கச் சொல்றேன். நேரான காம்பவுண்டு சுவர் கதவுல விழற மாதிரி நிறுத்துங்க. கோடு நேரா இருந்தா தகடு நேரா இருக்கு. கோடு நெளிஞ்சா ஒடுக்கோ டிங்கரிங்கோ இருக்கு.

மெட்டாலிக் பெயிண்ட் ஒரு கோணத்துல ஒத்துப்போகும், இன்னொரு கோணத்துல காட்டிக்குடுத்துடும். அதனால ஒவ்வொரு பக்கமும் ரெண்டு கோணம்.

டயர்: ஸ்டைலுக்கு வீல் தெரியற மாதிரி திருப்பாதீங்க, டயர் பட்டன் தெரியற மாதிரி திருப்புங்க. பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்கத்தையும் கிட்டப் போய் எடுங்க. 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது.

மீட்டர்: சாவியைத் திருப்பி, எச்சரிக்கை விளக்கெல்லாம் எரியறப்ப ஒண்ணு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணினப்புறம் ஒண்ணு.

கடைசியா, கீறலுக்குன்னு தனி போட்டோ. பக்கத்துல ஒரு ரூபாய் காசு வச்சு எடுங்க, அளவு தெரியும். "இப்படி எடுத்தா எவன் வாங்குவான்?"னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில்: கீறலைப் பார்த்துட்டும் கெளம்பி வர்றவன்தான் வாங்க வர்றவன். மத்தவங்க எல்லாம் உங்க வீட்டு வாசல்ல திட்டிட்டுப் போக வர்றவங்க.

டிஸ்கி: காரைக் கழட்டிக் காட்டச் சொல்லல சாமிகளா, காய வச்சுக் காட்டுங்கன்னுதான் சொல்றேன்.